லூஸ் டயபர், லேபிள் இல்லாத நாப்கின்: இதையெல்லாம் யாரு பாத்து விடுறா?

செல்லூர் மருமக:
வணக்கம் மக்களே, ஒரு சந்தேகம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. மதுரை விளக்குத்தூண் பக்கத்துல ஒரு கடைல டயபர கட்டுக்கட்டா வெள்ளைக் கவர்ல அடைச்சு விக்கிறாங்க, கவர்ல கம்பெனி பேரும் இல்ல தேதியும் இல்ல, சைஸ மட்டும் மார்க்கர்ல எழுதிருக்கு. எங்க அத்தை பாதி விலைதானேன்னு ரெண்டு கட்டு தூக்கிட்டு வந்துட்டாங்க. பாப்பாவுக்கு ஏழு மாசம். பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா போட்டுவிட மனசு வரல. அத்தைகிட்ட சொன்னா "கவர்ல புள்ளை படம் போட்டா மட்டும் சுத்தமாயிருமா, அதுவும் மிஷின்ல வர்றதுதானே"ங்கிறாங்க. யோசிச்சா அவங்க கேக்குறதும் நியாயமாத்தான் படுது. மாத்திரைக்கு ட்ரக் இன்ஸ்பெக்டர் இருக்காரு, திங்கிற சாமானுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருக்கு. டயபர், நாப்கின் எல்லாம் உடம்போட ஒட்டி மணிக்கணக்கா கெடக்கு, இத யாரு பாத்து விடுறா? கம்பெனிக்காரன் வாய் வார்த்தைதானா?

மாசிவீதி மைனர்:
தங்கச்சி, அந்த சரக்கு எங்கிட்டு இருந்து வருதுன்னு நான் சொல்றேன், ஹோல்சேல்லதான் கெடக்கேன். பெரும்பாலும் ஃபேக்டரில கழிச்சுப் போட்டது. மிஷின் நிமிஷத்துக்கு நூத்துக்கணக்குல தள்ளும், ரோல் மாத்தும்போது ஸ்டார்ட் பண்ணும்போது வர்றதெல்லாம் தனியா ஒதுக்கிருவாங்க, அது கிலோ கணக்குல வெளிய போயி கைமாறி கைமாறி இங்க வருது. அதுல பிரிண்ட் மட்டும் கோணலா போனது இருக்கும், அத போட்டா ஒண்ணும் ஆகாது. டேப் ஒட்டாதது இருக்கும். உள்ள ஜெல் ஒரே பக்கமா குமிஞ்சது இருக்கும். எது எதுன்னு விக்கிறவனுக்கே தெரியாது. அதவிட மோசம், அத வச்சிருக்குற எடம். சாக்குல கட்டி தகர ஷெட்ல போட்டிருப்பான், எலி ஓடும், மழைக்கு ஒழுகும். நான் எங்கக்கா புள்ளைக்கு வாங்கித் தரமாட்டேன், அம்புட்டுத்தேன்.

பழைய சோறு:
எதுக்கு இந்த தொல்லையெல்லாம்? நம்ம அப்பத்தா காலத்துல பழைய வேட்டியக் கிழிச்சு கட்டுனாங்க, நாம எல்லாம் வளரலயா. கம்பெனி டயபர்ல ஜெல், ப்ளீச்சிங் கெமிக்கல், செண்ட், பிளாஸ்டிக், எல்லாமே விஷம்தான். ப்ளீச்சிங்ல உண்டாகுற டயாக்சின்னு ஒரு விஷத்த கூகுள்ல போட்டுப் பாருங்க, தூக்கம் வராது.

கப்பலூர் க்யூசி:
நான் நாப்கின், டயபர் ரெண்டும் ஓடுற யூனிட்ல குவாலிட்டில இருந்தவன், இப்ப வேற வேலை, அதனால யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் இல்ல. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாப்போம். தோல்ல படுற மேல்ஷீட், அது பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் இழைய நெய்யாம ஒட்டிச் செஞ்ச நான்வோவன் துணி. அதுக்கு கீழ ஈரத்த சட்டுன்னு பரப்பி விடுற ஒரு லேயர். நடுவுல கோர், மரக்கூழ் பஞ்சும், ஈரத்த உறிஞ்சி உப்புற எஸ்ஏபி ஜெல் துகளும் கலந்தது. அடியில கசியாத ஃபிலிம், நல்ல டயபர்ல அதுல காத்து மட்டும் போற மாதிரி நுண்துளை இருக்கும். இதெல்லாம் ஒட்டி வைக்க சூட்டுல உருக்கி ஊத்துற ஹாட்மெல்ட் பசை, அப்பறம் எலாஸ்டிக், டேப். மொத்தமே இவ்வளவுதான். கணக்குல முக்கியமான விஷயம், இதுல எது தோல நேரா தொடுது எது தொடலங்கிறது. மேல்ஷீட்டுல இருக்குறது நேரா படும். கோர்ல இருக்குறது திரும்ப மேல வந்தாத்தான் படும், அதத்தான் ரீவெட்னு சொல்வாங்க.

ஒழுங்கான கம்பெனி புதுசா ஒரு பசையோ லோஷனோ போடணும்னா, சப்ளையர்கிட்ட அதுல என்னென்ன இருக்குன்னு முழு விவரம் வாங்கி டாக்ஸிகாலஜி ஆளுகிட்ட, அதாவது நஞ்சு கணக்கு தெரிஞ்சவர்கிட்ட குடுக்கும். அவரு போடுற கணக்க உதாரணத்துக்கு சொல்றேன், நம்பரெல்லாம் நான் சும்மா போட்டது. ஒரு டயபர்ல ஒரு பொருள் 10 மில்லிகிராம் இருக்கு, அதுல 1 சதவீதம் தோலுக்கு வரும்னு வச்சுக்குவோம், அப்ப 0.1 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 5 டயபர், 0.5 மில்லிகிராம். புள்ளை 5 கிலோ, அப்ப கிலோவுக்கு 0.1. அதே பொருள் மிருகங்களுக்கு தினமும் குடுத்துப் பாத்ததுல கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைக்கும் எந்த பாதிப்பும் இல்லன்னு இருந்தா, நடுவுல 1000 மடங்கு இடைவெளி இருக்கு. பொதுவா 100 மடங்காவது இருக்கணும்னு பாப்பாங்க, மிருகத்துக்கும் மனுசனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 10, மனுசனுக்கு மனுசன் உள்ள வித்தியாசத்துக்கு இன்னொரு 10. இந்த இடைவெளி கம்மியா வந்தா அந்த பசைய தூக்கி வச்சிட்டு வேற தேடணும்.

இதுல பாஸானாலும் போதாது. உயிரோட இருக்குற உடம்பு செல்லு மேல போட்டு அது சாகுதான்னு பாக்குற டெஸ்ட், தோல் எரிச்சல், அலர்ஜி டெஸ்ட், இதெல்லாம் ஐஎஸ்ஓ 10993ங்கிற வரிசைல வரும். அப்பறம் ஆளுங்க தோல்ல திரும்பத் திரும்ப ஒட்டி வச்சுப் பாக்குற பேட்ச் டெஸ்ட், கடைசியா தோல் டாக்டர் மேற்பார்வைல நெசமாவே போட்டுப் பாக்குறது. சந்தைக்கு வந்த பின்னாடியும் கம்ப்ளைண்ட் நம்பருக்கு வர்ற ஃபோன பேட்ச் வாரியா, அதாவது ஒரே ஓட்டத்துல தயாரிச்ச சரக்கு வாரியா பிரிச்சு வைக்கணும், ஒரே பேட்ச்ல நாலு பேரு சிவந்து போச்சுன்னா அங்க ஏதோ இருக்கு.

இப்ப அந்த வெள்ளைக் கவருக்கு வருவோம். அதுல பேட்ச் நம்பர் கிடையாது. புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா, எங்க வந்தது எந்த பசை எந்த ரோலுன்னு திரும்பிப் போக வழியே இல்ல. நான் வேணாம்னு சொல்றதுக்கு மெயின் காரணம் இதுதான், கெமிக்கல் அதுக்கு அப்பறம்.

செல்லூர் மருமக:
அண்ணே சூப்பரா சொன்னீங்க, ஆனா இதெல்லாம் கம்பெனி அதுவா பண்றதுதானே, பண்ணலன்னா கேக்க சட்டம் இருக்கா இல்லையா?

கப்பலூர் க்யூசி:
இருக்கும்மா, ஆனா லேட்டா வந்துச்சு. நாப்கினுக்கு பிஐஎஸ், அதான் இந்திய தர நிர்ணய அமைப்பு, போட்ட தரம் ஐஎஸ் 5405, அது ரொம்ப நாளாவே உண்டு, 1980-ல ஒருக்கா திருத்தி, அப்பறம் 2019-ல புதுசாக்குனாங்க. டிஸ்போசபிள் பேபி டயபருக்கு ஐஎஸ் 17509, 2021. துவைச்சு போடுற நாப்கினுக்கு ஐஎஸ் 17514. ஆனா தரம்னு ஒண்ணு எழுதி வச்சா விரும்புறவன் எடுத்துக்கலாம், விரும்பாதவன் விட்டுறலாம்னுதான் ரொம்ப காலம் ஓடுச்சு. 2023-ல மத்திய ஜவுளி அமைச்சகம் மெடிக்கல் டெக்ஸ்டைல்ஸ் தரக் கட்டுப்பாட்டு ஆணைன்னு போட்டு கட்டாயம்னாங்க, நடைமுறை தேதிய தள்ளி வச்சாங்க, சின்ன யூனிட்டுக்கும் சுய உதவிக் குழுவுக்கும் கூடுதல் டைம் குடுத்தாங்க. இந்த ஆணை போட்டது மருந்து கண்ட்ரோல் இல்ல, ஜவுளிப் பக்கம்தான். அமெரிக்கால நாப்கினும், உடம்புக்குள்ள வைக்கிற டேம்பானும் எஃப்டிஏங்கிற மருந்து கண்ட்ரோல்கிட்ட மெடிக்கல் டிவைஸ், ஊருக்கு ஊர் ஒவ்வொரு கதை.

5405-ல என்ன பாப்பாங்கன்னா, கலர் கலந்த திரவத்த மெதுவா விட்டு மேல வெயிட்ட வச்சு அடியிலயோ சைடுலயோ கசியுதான்னு பாப்பாங்க, பிஹெச், அதாவது அமில கார அளவு பாப்பாங்க, மொத்த பாக்டீரியா பூஞ்சை எண்ணிக்கைக்கு வரம்பு, சீழ் புடிக்க வைக்கிற ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி இருக்கவே கூடாது. 2019 திருத்தத்துல அந்த செல் டெஸ்ட், எரிச்சல், அலர்ஜி டெஸ்ட்டும் உள்ள வந்துருச்சு.

தோல் டாக்டர் வீட்டு மருமகன்:
க்யூசி அண்ணன் சொன்னதுல ஒண்ணு இடிக்குது. பேட்ச் டெஸ்ட் கையிலயோ முதுகுலயோ பண்றாங்க. நாப்கின் படுற எடம் அது இல்லயே. அந்த எடத்து தோல் கை தோலவிட மெல்லிசு, ஈரமும் உரசலும் எந்நேரமும் இருக்கு, சளிச்சவ்வு வேற, உள்ள போறது அதிகம். அப்ப 1 சதவீதம்னு கணக்கு போடுறதே தப்பா போயிராதா? ஃப்ரான்ஸ்ல ஆன்செஸ்னு ஒரு அரசு நிறுவனம் 2019-ல டயபர சோதிச்சு ஃபார்மால்டிஹைடு, டயாக்சின் வகையறா, எரியுறப்ப உண்டாகுற பிஏஹெச் எல்லாம் புள்ளைகளுக்கான பாதுகாப்பு அளவ தாண்டலாம்னு சொல்லிச்சே. நம்ம ஊர்லயே டெல்லி டாக்சிக்ஸ் லிங்க்ங்கிற அமைப்பு 2022-ல 10 நாப்கின் எடுத்துப் பாத்து, பிளாஸ்டிக்க மெதுவாக்குற தாலேட் இருக்குன்னு போட்டாங்க.

கப்பலூர் க்யூசி:
நல்ல கேள்வி தம்பி, இந்த கேள்விக்கு கம்பெனிக்காரங்க நெளிவாங்க. ஒழுங்கா கணக்கு போடுறவன் சளிச்சவ்வு படுற எடத்துக்கு 100 சதவீதமும் உள்ள போகுதுன்னே வச்சுத்தான் போடணும், அப்பவும் இடைவெளி நிக்கணும். 1 சதவீதம்ங்கிறது கோர்ல இருந்து மேல்ஷீட்டுக்கு வர்ற அளவு, தோலுக்குள்ள போற அளவு இல்ல, ரெண்டும் வேற வேற படி. ஆனா எல்லாரும் அப்பிடி போடுறாங்களான்னு வெளிய இருந்து பாக்க வழி இல்ல, அத ஒத்துக்கிட்டே ஆகணும்.

ஆன்செஸ் விஷயத்துல பாதிதான் வாட்ஸாப்ல சுத்துது. அந்த அறிக்கைக்கு அப்பறம் ஃப்ரான்ஸ் இத ஐரோப்பா முழுக்க கட்டுப்படுத்தணும்னு கேட்டுச்சு, ஐரோப்பிய கெமிக்கல் ஏஜென்சியோட ரிஸ்க் கமிட்டி 2021-ல அந்த டேட்டாவ வச்சு ஆபத்து இருக்குன்னு நிரூபணம் ஆகலன்னு சொல்லிருச்சு. ஆபத்தே இல்லன்னு சொன்னதா எடுத்துக்காதீங்க. ஆனா ஃப்ரான்ஸ் கேட்ட கேள்வியால கம்பெனிக எல்லாம் ஒதறி எந்திரிச்சு நுண்ணிய அளவு மாசு பாக்குறதுக்கு பொது டெஸ்ட் முறையும் வரம்பும் வகுத்தாங்க, எடானாங்கிற அவங்க சங்கம் மூலமா. தாலேட்ட பத்தி கேட்டதும் அப்பிடித்தான், இருக்குன்னு கண்டுபிடிச்சது ஒரு படி, எவ்வளவு உள்ள போகுதுங்கிறது அடுத்த படி. ரெண்டாவது படி நம்ம நாட்டுல இன்னும் சரியா ஏறல.

டயாக்சின் பத்தி பழைய சோறு அண்ணனுக்கு: மரக்கூழ வெளுக்க நேரடி குளோரின் வாயு போட்ட காலத்துல அது நெசமான பிரச்சனை. இப்ப குளோரின் டைஆக்சைடு, இல்லன்னா ஆக்சிஜன் பெராக்சைடு வழிக்கு மாறிட்டாங்க, கவர்ல ஈசிஎஃப் டிசிஎஃப்னு இருந்தா அதுதான். டயாக்சின் சாப்பாட்டு வழியா வர்றதுதான் ரொம்ப அதிகம்.

நர்ஸ் அக்கா:
குழந்தைங்க வார்டுல இருக்கேன், எனக்கு தினமும் வர்ற கேஸு கெமிக்கல் கேஸு இல்ல. எட்டு மணி நேரம் மாத்தாத டயபர் கேஸு. மூத்திரத்துல இருக்குற யூரியாவ மலத்துல இருக்குற கிருமி அம்மோனியாவா மாத்தும், பிஹெச் ஏறும், அது ஏறுனா மலத்துல இருக்குற என்சைமுக்கு வீரியம் கூடி தோல அரிக்கும். ஈரத்துல ஊறுன தோல் உரசல தாங்காது, அப்பறம் கேண்டிடா பூஞ்சை வந்து ஒக்காந்துக்கும், மடிப்புக்குள்ள செக்கச்செவேல்னு, சுத்தி சின்னச் சின்ன பொட்டா. ஜெல் வந்த பின்னாடிதான் இந்த புண்ணு கொறஞ்சுச்சு, ஏன்னா ஈரத்த தோல்ல இருந்து எடுத்துருது. அதே ஜெல்ல நம்பி "இன்னும் ரொம்பல"ன்னு ராத்திரி முழுக்க விடுறதுதான் நம்மாளுக பண்ற வேலை. மலம் போனா அடுத்த நிமிஷம் மாத்தணும், பச்சத்தண்ணில கழுவி ஒத்தி எடுத்து கொஞ்ச நேரம் காத்தாட விட்டு ஜிங்க் ஆக்சைடு க்ரீம் கனமா பூசுங்க. பவுடர் வேணாம், மூச்சுக்குள்ள போகும். செண்ட் போட்ட டயபரும் வேணாம், நாத்தம் மறைக்க போடுறது, அலர்ஜிக்கு அதுதான் மொத சந்தேகம்.

அப்பறம் எல்லாரும் கேக்குறது, காலைல பாத்தா புள்ளை தொடைல கண்ணாடி மணி மாதிரி ஒட்டியிருக்கு விஷமான்னு. அது சோடியம் பாலிஅக்ரிலேட், அதான் அந்த ஜெல்லு, டயபர் கிழிஞ்சோ நெரம்பி வழிஞ்சோ வெளிய வந்தது. மூலக்கூறு ரொம்ப பெருசு, தோல் வழியா உள்ள போகாது. தொடச்சு கழுவுனா போச்சு. வாயில போட்டா மட்டும் வாயத் தொடச்சு எடுத்துட்டு, நெறைய போயிருந்தா, இருமுனா, ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க, அடைச்சுக்கும்ங்கிறதுதான் பயம்.

தெக்குவாசல்:
அக்கா நடுவுல ஒரு மஞ்ச கோடு இருக்கே, ஈரமானா நீலமாகுது, அதுவும் கெமிக்கல்தானே?

கப்பலூர் க்யூசி:
ஆமா, பிஹெச்க்கு கலர் மாறுற சாயம், ப்ரோமோஃபீனால் ப்ளூ மாதிரி. பசைல கலந்து வெளிப்பக்க ஃபிலிம ஒட்டி போட்டிருப்பாங்க, கோருக்கு அந்தாண்ட. தோல்ல படாது.

பழைய சோறு:
சரி டயபர விடுங்க, டேம்பான் போட்டு பொண்ணுக செத்தாங்களே அமெரிக்கால, அதுவும் இந்த ஜெல்லுதானே?

தோல் டாக்டர் வீட்டு மருமகன்:
அண்ணே அது வேற. 1980-ல ரிலைன்னு ஒரு டேம்பான் சந்தைல இருந்து திரும்ப எடுத்தாங்க. அதுல இருந்தது பாலியெஸ்டர் நுரைத் துண்டும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸும், டயபர் ஜெல் இல்ல. உடம்புக்குள்ள ரொம்ப நேரம் வைக்கிறப்ப ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பெருகி நஞ்ச கக்குறதுதான் டாக்சிக் ஷாக். அதுனாலதான் டேம்பான்ல இத்தன மணி நேரத்துக்கு மேல வைக்காதேன்னு எழுதியிருக்கு, தேவைக்கு கம்மியான உறிஞ்சு சக்திய எடுன்னும் எழுதியிருக்கு. வெளிய வைக்கிற நாப்கினுக்கு அந்த பயம் ரொம்ப ரொம்ப கம்மி. ஆனா அன்னைக்கி டெஸ்ட்ல பாஸான பொருள்தான் அது, புழக்கத்துக்கு வந்த பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. நீங்க பயப்படுறதுல ஒரு நியாயம் இருக்கு, காரணம்தான் வேற.

உசிலை மகளிர் குழு:
வணக்கம், நாங்க உசிலம்பட்டிப் பக்கம் குழுவா நாப்கின் போடுறோம். எங்க பக்கத்தையும் சொல்லிக்கிறேன், ஏன்னா "குழுவுல வாங்குனா சுத்தம், கெமிக்கல் இல்ல"ன்னு ஒரு பேச்சு இருக்கு, அத நாங்களே நம்புறதில்ல. மரக்கூழ் ஷீட்ட அரைச்சு பஞ்சாக்கி அச்சுல அழுத்தி நான்வோவன்ல சுத்தி சீல் பண்ணி அப்பறம் கிருமி கொல்ற யூவி வெளிச்சப் பெட்டில வைக்கிறது, இதுதான் வேலை. கோயம்புத்தூர் முருகானந்தம் அய்யா மிஷின் வந்த பின்னாடி இந்த மாதிரி யூனிட் ஊருக்கு ஊரு வந்துச்சு, அரசாங்கம் புதுயுகம் திட்டத்துல பள்ளிக்கூட புள்ளைகளுக்கு இலவசமா குடுக்க ஆரம்பிச்சப்ப குழுக்களுக்கும் ஆர்டர் கெடச்சுச்சு.

யூவி வெளிச்சம் பட்ட எடத்துல உள்ள கிருமியத்தான் கொல்லும், பஞ்சுக்கு உள்ள போகாது. அதுனால கிருமி உள்ள போகாம பாக்குறதுதான் வேலையே. மோதிரம் வளையல் கழட்டணும், தலைய மூடணும், கை கழுவணும், இருமல் சளி இருந்தா அன்னைக்கி பேக்கிங் பக்கம் வரக்கூடாது. மத்த நாள்ல கூட சமாளிச்சுருவோம், ஐப்பசி கார்த்திகை அடைமழைலதான் உசுரு போகும். கூழ் ஷீட்டு ஈரத்த இழுத்துக்கும், ரெண்டு நாள் சுவரோரம் கெடந்தாலே ஒரு வாடை வரும், பூஞ்சை. நாங்க பலகை போட்டு சுவர விட்டு தள்ளி அடுக்கி, பிரிச்ச ஷீட்ட அன்னைக்கே முடிச்சிருவோம். வாடை வந்த ஷீட்ட அரைச்சா யாருக்கும் தெரியாது, வெள்ளையாத்தான் வரும். அந்த எடத்துல எங்க மனசாட்சிதான் இன்ஸ்பெக்டரு, அது போதாதுன்னு எங்களுக்கே தெரியும்.

டெஸ்ட்டுக்கு கோயம்புத்தூர் சிட்ராங்கிற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பலாம், நல்ல லேப். ஆனா காசு எங்க அளவுக்கு கனம், ஒரு தடவ அனுப்புனது நல்லா வந்தா அடுத்த மாச சரக்குக்கு அது சாட்சி ஆகாதுல்ல. ஐஎஸ்ஐ முத்திரை வாங்கணும்னா சின்னதா ஒரு லேப் நாமளே வைக்கணும். கட்டாயம் வேண்டாம்னு நான் சொல்லல, பத்து குழுவுக்கு பொதுவா ஒரு லேப் போட்டுக் குடுத்துட்டு கட்டாயம்னு சொல்லுங்க.

மாசிவீதி மைனர்:
மதினி உண்மைய போட்டு ஒடச்சிட்டீங்க. எங்க ஹோல்சேல்ல "ஆர்கானிக், வாழைநார், மூலிகை"ன்னு ஒட்டி வர்ற பாக்கெட்டுல பாதிக்கு இந்த கதை எதுவும் கெடையாது.

பைபாஸ் ரோடு:
அப்பா பக்கவாதத்துல படுத்த படுக்கை, அடல்ட் டயபர் மாசத்துக்கு சம்பளத்துல பெரிய ஓட்டைய போடுது. லூஸ் பீஸ் பாதி விலைங்கிறப்ப கை தானா போகுது. முதுகுல புண்ணு வந்துருமோன்னு பயம். என்ன பண்ணலாம்?

நர்ஸ் அக்கா:
தம்பி, பகல்ல ஆள் இருக்குற நேரத்துல டயபர் போடாதீங்க, அடியில ஈரத்த உறிஞ்சுற அண்டர்பேட் விரிச்சு துணியோட விடுங்க, தோலும் காயும், காசும் மிச்சம். ராத்திரிக்கு மட்டும் நல்லதா ஒண்ணு. ரெண்டு டயபர ஒண்ணு மேல ஒண்ணு போடாதீங்க, உள்ளது ஊறி நிக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டிப் படுக்க வைங்க, படுக்கைப் புண்ணுக்கு டயபர விட அதுதான் முக்கியம். லூஸ்ல கோர் ஒரே பக்கம் குமிஞ்சிருந்தா அது மேலயே அவரு எடை முழுக்க அழுத்தும், அதுக்காகவே வேணாம்.

செல்லூர் மருமக:
நான் அத்தைகிட்ட இத வாசிச்சுக் காட்டுனேன். எலி மேட்டர் வரைக்கும் கேட்டுட்டு எந்திரிச்சுப் போயி கட்ட எடுத்து மாடிப்படிக்கு அடியில வச்சிட்டாங்க, தண்ணி கொட்டுனா தொடைக்க ஆகுமாம் :) சரி, இனிமே கடைல வாங்குறப்ப எத பாத்து வாங்கணும்?

கப்பலூர் க்யூசி:
ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேல ஐஎஸ் நம்பர் இருக்கணும், கீழ சிஎம்/எல்னு ஆரம்பிச்சு லைசன்ஸ் நம்பர் இருக்கணும். முத்திரை மட்டும் அச்சடிக்க யாராலயும் முடியும், அதுனால ஃபோன்ல பிஐஎஸ் கேர் ஆப்ப போட்டு அந்த நம்பர அடிச்சுப் பாருங்க, எந்த கம்பெனி, எந்த பொருள், லைசன்ஸ் உயிரோட இருக்கான்னு வரும். நாப்கின் கவர்ல வேற ஏதோ பொருளுக்கு வாங்குன நம்பர போட்டு ஓட்டுறவனும் உண்டு, ஐஎஸ் நம்பர் 5405தானான்னு பாருங்க. பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, முகவரி மூணும் வேணும். கவர் சீல் பிரிஞ்சிருந்தா வேணாம். வீட்டுக்கு கொண்டு வந்து பாத்ரூம்ல அடுக்காதீங்க, பிரிச்ச பாக்கெட்ட காஞ்ச எடத்துல மூடி வைங்க. அந்த கவர தூக்கிப் போட்டுறாதீங்க, புள்ளைக்கு சிவந்தா பேட்ச் நம்பர் அதுலதான் இருக்கு.

தெக்குவாசல்:
போட்டு முடிச்சதையும் சொல்லிருங்கண்ணே. எங்க தெருவுல குப்பை எடுக்க வர்ற அக்கா வெறுங்கையால பிரிக்கிறாங்க.

கப்பலூர் க்யூசி:
2016 திடக்கழிவு விதியிலயே நாப்கின் டயபர் தயாரிக்கிறவன் சுத்திப் போட பை குடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க, குடுக்குறவன் கம்மி. நாமதான் பேப்பர்ல சுத்தி தனியா குடுக்கணும், மலத்த மொதல்ல கக்கூஸ்ல தட்டிவிட்டுட்டு. கக்கூஸ்ல டயபரயே போட்டுறாதீங்க, ஜெல் ஊதி பைப்ப அடைச்சிரும். தெருவுல போட்டா நாய் இழுக்கும், மொத்தமும் வெள்ளக்கல் குப்பைக்கிடங்குல போயி குமியுது.

உசிலை மகளிர் குழு:
சிஎம்/எல் நம்பர் இல்லாத எங்க மாதிரி குழுகிட்ட வாங்குறவங்க, லேப் ரிப்போர்ட்ட கேளுங்க, தேதிய பாத்து கேளுங்க. முடிஞ்சா யூனிட்டுக்கு நேர்ல வாங்க, செருப்ப வெளிய விடச் சொல்றாங்களான்னு பாருங்க. சொல்லலன்னா வாங்காம திரும்பிருங்க.